அத்தர் என்று சொன்ன பெட்டி

"மாப்பிள்ளை தட்டு காலியா கெடக்குதே, யாரும் கவனிக்கலியா?"

கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. குரல் மட்டும்தான் வரும். அப்சருக்கும் ஷமீராவுக்கும் நிக்காஹ் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. இந்த மூன்று நாளில் மாமியாரின் வளையல் சத்தம் கேட்டிருக்கிறான், கதவிடுக்கில் சேலை முந்தானையைப் பார்த்திருக்கிறான். முகம் பார்த்ததில்லை. புது மாப்பிள்ளைக்கு எதிரே நாற்பது நாளைக்கு வருவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம்.

"போதும் மாமி, வயிறு ரொம்பிடுச்சு" என்றான் திரையைப் பார்த்து.

"என்ன ரொம்புச்சு? கோழிக்குஞ்சு மாதிரி கொத்திட்டு. ஜாஹிது, அந்த வட்டிலாப்பத்த இங்கிட்டு நகத்து. மச்சானுக்கு நீயே வை."

மைத்துனன் ஜாஹித் ஒரு கை அகலத்துக்கு வெட்டித் தட்டில் வைத்தான். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியுமாகத் தளதளவென்று ஆடியது.

"சாப்புடுங்க மச்சான். நீங்க மறுத்தா எங்க உம்மா அடுப்படியில உக்காந்து என்னைய வையும்."

அப்சர் கரண்டியை எடுத்தான். இதற்கு எத்தனை யூனிட் கூடுதலாகப் போட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. யாருக்கும் காட்ட முடியாத கணக்கு.

குடவாசலில் பிறந்தவன் அவன். அங்கெல்லாம் பெண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாள். அதிராம்பட்டினத்தில் அவன் பெண்ணெடுத்த குடும்பத்தில் அது தலைகீழ். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். "தம்பி, உன்னைய நாங்க கட்டிக் குடுத்துட்டோம்டா, போன எடத்துல நல்ல பேரு வாங்கு" என்று அவன் அக்காள் வழியனுப்பும்போது சிரித்தாள். அன்றைக்கு அவனும் சிரித்தான்.

துபாயில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கேயே மயங்கி விழுந்து, கண் விழித்தபோது டாக்டர் சொன்னார்: இன்சுலின் ஊசி இல்லாமல் இனி உன் உடம்பு ஓடாது, ஒருநாள்கூட. அந்த விஷயம் ஊரில் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பெண் பார்க்கத் தொடங்கியபோதே அம்மா ஜன்னத் பீவி அவன் வாயை அடைத்துவிட்டாள்.

"இருவத்தாறு வயசுல சக்கரன்னு சொன்னா எவன்டா பொண்ணு தருவான்?"

"சொல்லாம கட்டுறது தப்பும்மா."

"சொல்ல வேணாங்கல. ஒரு மாசம் போவட்டும். அந்தப் புள்ள உம்மேல ஒட்டிக்கட்டும். அப்புறம் நானே பக்குவமா சொல்றேன். நீ வாயத் தொறந்தேன்னா நான் இந்தக் கல்யாணத்துக்கே வரமாட்டேன்."

அவள் வந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

மருந்தைக் கொண்டுவந்ததெல்லாம் முறையாகத்தான். சரக்கோடு போடும் பெட்டியில் வைத்தால் விமானத்தின் அடிவயிற்றுக் குளிரில் உறைந்துபோகலாம் என்று கைப்பையிலேயே வைத்திருந்தான். குளிர்ப்பையில் ஜெல் பாக்கெட், அதற்கும் மருந்து நிரப்பிய ஊசிப் பேனாக்களுக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணி. திருச்சியில் இறங்கிக் குடவாசல் போகும்வரை காரின் முன்பக்கம் வெயில்படும் இடத்தில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். அம்மா ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

இந்த வீட்டில் அதற்கு வழியில்லை. ஃப்ரிட்ஜ் அடுக்களையில் இருந்தது. அடுக்களையில் மாமியார், மாமியாரின் இரண்டு தங்கைகள், சமையலுக்கு வந்த பெண்கள். மாப்பிள்ளை அந்த வாசற்படியை மிதித்தால் எல்லோரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். மாடி அறையின் மேசை டிராயரில் வைக்கலாமென்றால், புது அறையைப் பார்க்க வருகிற சொந்தக்காரப் பெண்கள் அலமாரி, டிராயர், தலையணை உறை என்று ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தார்கள். "மாப்பிள்ளை என்னென்ன கொண்டாந்திருக்காரு, பாப்பம்" என்பது அதற்குப் பெயர்.

அதனால்தான் நிக்காஹ் அன்று சாயங்காலம் அந்தப் பொய்யைச் சொன்னான். வெல்வெட் ஒட்டிய அத்தர் பெட்டி ஒன்றைக் காலி செய்து, திறக்காத பேனாக்கள் ஐந்தை உள்ளே அடுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி ஷமீராவிடம் கொடுத்தான்.

"அசல் ஊது அத்தர். சூட்டுல வாசம் போயிடும். ஃப்ரிட்ஜுல ஒரு ஓரமா வச்சிரு. யாரும் பிரிக்க வேணாம், என்ன?"

"அத்தரக் கூடவா ஃப்ரிட்ஜுல வைப்பாங்க?"

"துபாயில வைப்பாங்க."

ஷமீரா அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். கல்லூரியில் கணக்குப் படித்தவள். எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம்தான் நம்புவாள். ஆனாலும் புதுப்பெண். வாங்கிக்கொண்டு கீழே போனாள்.

புழக்கத்திலிருந்த இரண்டு பேனாக்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது ஒன்று, படுக்கும்போது போடுவது ஒன்று. திறந்த பேனா ஒரு மாசம்வரை அதிகச் சூடில்லாத இடத்தில் வெளியே இருக்கலாம். குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வயிற்றில் குத்திக்கொண்டான். 'மச்சான் பாத்ரூம் போனா வரவே மாட்டாருங்க' என்று ஜாஹித் வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

விருந்துகள் தொடர்ந்தன. காலையில் பெரியம்மா வீட்டில் இடியாப்பமும் கறியும், மதியம் சாச்சா வீட்டில் நெய்ச்சோறு, சாயங்காலம் யார் வீட்டிலாவது தம்ரூட் இனிப்பு. கணக்கிட்டதைவிடக் கூடுதலாகப் போட வேண்டியிருந்ததால் ஐந்தாம் நாளே இரண்டு பேனாவும் தீர்ந்தன.

"அந்த அத்தர் பெட்டிய ஒரு நிமிஷம் கொண்டாயேன்" என்றான் ஷமீராவிடம்.

பெட்டி வந்தது. கையில் பட்டதும் சில்லென்று இருந்தது. டேப்பைக் கீறி இரண்டு பேனாக்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. மீதியை மறுபடி ஒட்டிக் கொடுத்தனுப்பினான். அப்பாடா என்றிருந்தது.

ஆறாம் நாள் மதியம் ரத்தச் சர்க்கரை இருநூற்றெண்பது. நெய்ச்சோறு என்று நினைத்துக்கொண்டான். கூடப் போட்டான். மறுநாள் காலை முந்நூற்றறுபது. இன்னும் கூடப் போட்டான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் அடுத்த செம்புக்கு மனசு தவித்தது.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றாள் ஷமீரா, அவன் மூன்றாவது முறையாகக் குளியலறையிலிருந்து வந்தபோது. "அவ்வளவு ஒசத்தி அத்தரு, எடுத்துப் பூசி ரெண்டு நாளாச்சு. உங்கமேல வாசமே இல்லையே?"

"லேசான வாசம்."

"லேசான வாசத்துக்கா அவ்வளவு பத்திரம்?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். கால் கெண்டைச் சதை இழுத்தது.

வெளியே போய் வேறு மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிப் பார்த்தான். செருப்பை மாட்டுவதற்குள் ஜாஹித் வண்டிச் சாவியோடு நின்றான்.

"எங்க மச்சான்?"

"சும்மா, கடைத்தெரு வரைக்கும். நடந்தே போறேன்."

"புது மாப்பிள்ளைய தனியா நடக்க விட்டேன்னு வாப்பா என்னைய உரிச்சிருவாரு. ஏறுங்க. என்ன வாங்கணும்?"

"தலைவலி மாத்திரை."

"அட, அதுக்கா? ஷஹ்பாஸ் மாமா கடைக்கு ஒரு போனப் போட்டா வீடு தேடி வரும். நம்ம தாய்மாமா மெடிக்கல்தானே."

அந்தத் தெருவில் இருந்த மருந்துக்கடை அது ஒன்றுதான். அதில் இன்சுலின் கேட்டால் அசர் தொழுகைக்குள் ஷஹ்பாஸ் மாமா தங்கைக்குச் சொல்வார். தங்கைதான் அவன் மாமியார். அப்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினான். பத்து நிமிஷத்தில் தலைவலி மாத்திரை வந்தது, கூடவே மாமியார் கொடுத்தனுப்பிய ஒரு டம்ளர் ரோஸ்மில்க்கும்.

அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, சக்கரை எறங்கவே மாட்டேங்குது. மருந்து போட்டுட்டேதான் இருக்கேன்."

"விருந்துச் சாப்பாடுடா. கொஞ்சமா சாப்புடு."

"கொஞ்சமா சாப்பிட விட மாட்டேங்கிறாங்கம்மா. ஷமீராகிட்டயாவது சொல்லிடறேன்."

"அடேய், இப்பச் சொன்னா மறைச்சுக் கட்டிக்கிட்டான்னு பெட்டியத் தூக்கித் தெருவுல வைப்பாங்க. உன் அத்தா மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவாரு? இன்னும் பத்து நாளு. துபாய்க்குப் போயிட்டேன்னா எல்லாம் சரியாப் போயிடும். பல்லக் கடிச்சுக்கிட்டு இருடா என் ராசா."

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். எட்டாம் நாள் காலை சர்க்கரை பார்க்கும் கருவியில் எண்ணே வரவில்லை. எண்ணுக்கு மேலே போய்விட்டது என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. குளியலறைக்குப் போவதற்குள் வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

வீடு கூடிவிட்டது. மாமனார் மீரா சாகிப் படியேறி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே. மூச்சு ஏன் இப்படி வாங்குது?"

கீழிருந்து மாமியாரின் குரல்: "கண்ணூறுதாங்க. நான் சொல்லல? நேத்து அந்தச் சிங்கப்பூர்க்காரி வீட்டுல அத்தன பேரும் மாப்பிள்ளையவே மொறச்சு மொறச்சுப் பாத்தாளுவோ. ஓதின தண்ணி வச்சிருக்கேன், கல்கண்டு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. தெம்பா இருக்கும்."

கல்கண்டுத் தண்ணீர் வந்தது. அப்சர் டம்ளரைப் பார்த்தான். குடித்தால் ஒரு கேடு, குடிக்காவிட்டால் ஒரு கேள்வி. சுற்றிலும் ஆறு முகம். எல்லாம் அவன்மேல் பிரியமான முகம். ஓங்கி அடிக்கிறவனிடமிருந்தென்றால் ஓடிவிடலாம். இவர்களிடமிருந்து எந்தப் பக்கம் ஓடுவது?

"வச்சுட்டுப் போங்க வாப்பா, நான் குடுக்கறேன்" என்று ஷமீரா எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். டம்ளரை அவனிடம் நீட்டவில்லை. சன்னல் திண்டில் வைத்தாள்.

"சொல்லுங்க."

"என்னத்த?"

"எனக்குத் தெரியல, அதனாலதான் கேக்கறேன்."

அவன் சுவரைப் பார்த்தான். அப்புறம் அவனுக்கே எதிர்பாராமல் வாயில் வந்தது வேறொரு கேள்வி.

"அந்தப் பெட்டிய எங்க வச்சிருந்தீங்க?"

"எந்தப் பெட்டி? அத்தரா? ஃப்ரிட்ஜுலதான்."

"ஃப்ரிட்ஜுல எங்க?"

"உம்மாகிட்ட குடுத்தேன். மாப்பிள்ளை அத்தரு, சூட்டுல கெட்டுரும், பத்திரம்னு சொன்னேன். சூட்டுக்குப் பயந்ததுன்னா குளிரு அதிகமா இருக்கற எடம்தானே நல்லதுன்னு மேல ஐஸ் கட்டற அறையில, பின்னால தள்ளி வச்சாங்க. நாலு நாளு அங்கதான் கெடந்துச்சு. அப்புறம் விருந்துக் கறி வக்க எடமில்லன்னு கீழ எறக்கி வச்சாங்க. ஏன், அத்தரு ஐஸாப் போயிருச்சா?"

அப்சர் சிரித்தான். சிரிப்பு போலத்தான் தொடங்கியது. பாதியில் மூச்சு இழுத்தது.

ஒரு தடவை உறைந்த மருந்து, உருகின பிறகு பார்க்க நல்லதுபோலவே இருக்கும். வேலைசெய்யும் என்று நம்ப முடியாது. மூன்று நாளாக அவன் அதைத்தான் குத்திக்கொண்டு, போதவில்லை போதவில்லை என்று இன்னும் குத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

"அது அத்தர் இல்ல, ஷமீரா."

"அது தெரியும். என்னன்னுதான் தெரியல."

"இன்சுலின். எனக்கு ரெண்டு வருஷமா சக்கர. ஊசி இல்லாட்டி இருக்க முடியாது. அந்த மருந்து செத்துப் போச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் மேசைமேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தாவுக்கு?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது. சரி." கதவைத் திறந்து மாடிப்படியில் குனிந்து குரல் கொடுத்தாள். "ஜாஹிது! கார எடு. பட்டுக்கோட்டைக்குப் போறோம்."

"எதுக்குடி பட்டுக்கோட்டை? ஷஹ்பாஸ் மாமாவக் கூப்பிட்டா..." கீழே மாமியார்.

"எதுக்குன்னு வந்து சொல்றேன் உம்மா. இப்பக் காரு."

*

பட்டுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் நெடுமாறன் கண்ணிமையை விலக்கிப் பார்த்து, மூச்சை மோந்து பார்த்து, ரத்தமும் சிறுநீரும் சோதிக்க அனுப்பி, இரண்டு கையிலும் டிரிப் ஏற்றச் சொன்னார்.

"இன்னும் அரை நாளு போயிருந்தா இங்க வந்திருக்க மாட்டீங்க, நேரா தஞ்சாவூருதான். அதுக்கும் நேரம் இருந்திருக்குமோ என்னமோ. எத்தன நாளா?"

"மூணு நாளா டாக்டர். மருந்து உறைஞ்சு போச்சு."

"உறைஞ்சது தெரியாமப் போட்டீங்களா? சக்கரை எறங்கலன்ன உடனே மருந்து மேலதான் சந்தேகப்படணும். உங்க மேல இல்ல, சோத்து மேல இல்ல."

சாயங்காலத்துக்குள் எண் கருவிக்குள் வந்தது. நானூற்றுச் சொச்சம், அப்புறம் முந்நூறு. டியூப்கள் அவனைக் கட்டிலோடு பிணைத்திருந்தன. ஜாஹித் வெளியே டீ குடிக்கப் போயிருந்தான். ஷமீரா ஸ்டூலில் உட்கார்ந்து அவன் போனைக் கையில் வைத்திருந்தாள். அது ஒன்பதாவது முறையாக அடித்தது. அவள் எடுத்தாள்.

"மாமி, நான் ஷமீரா. ஆஸ்பத்திரியில இருக்காரு. உசுருக்குப் பயமில்ல இப்ப."

மறுமுனையில் ஜன்னத் பீவி அழுவது அப்சருக்கே கேட்டது. ஷமீரா அழுகை தீரும்வரை காத்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருச்சு மாமி. நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்பியேம்மா..."

"சொல்லியிருக்கலாம். சொல்லாமயும் இருந்திருக்கலாம். அத நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? நீங்களே எனக்கும் சேத்து முடிவு பண்ணிட்டீங்க. இங்க எங்க உம்மா அவங்க கையாலேயே அத ஐஸுல தூக்கி வச்சிருக்காங்க. நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆயிருந்தா, அவங்க ஆயுசுக்கும் அத சொமந்திருப்பாங்க. என்ன ஏதுன்னே தெரியாம."

ஷமீரா "சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நர்ஸ் கனிமொழி புதுப் பேனாக்களை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தாள்.

"அண்ணி, இது கையிருப்பா வச்சுக்க வேண்டியது. இங்க வார்டு ஃப்ரிட்ஜு ரொம்பி வழியுது, வீட்டுக்குக் கொண்டு போயிடுங்களேன்."

"வெளிய இந்த வெயிலு. காருல அரை மணி நேரம். எப்படிக் கொண்டு போறது?"

"ஐஸ் பாக்கெட் தர்றேன். அதுமேல நேரா படக்கூடாது, நடுவுல துண்டு சுத்திருங்க. முன்கண்ணாடிகிட்ட வைக்காதீங்க, டிக்கியிலயும் போடாதீங்க, மடியில வச்சுக்குங்க. வீட்டுல ஃப்ரிட்ஜு நடுத்தட்டு. ஐஸ் அறைப் பக்கமே போகக்கூடாது, பின்சுவத்துல ஒட்டியும் வைக்கக்கூடாது. அப்படி ஒரு தடவ உறைஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா பாவம் பாக்காமத் தூக்கிப் போட்டுருங்க."

"கரண்டு இல்லாட்டி?"

"கதவத் தொறக்காம இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்கும் மேல போனா ஈர மண்ணப் பானைக்குள்ள போட்டு, அதுல ஒரு டப்பா எறக்கி, டப்பாவுக்குள்ள வைங்க. எங்க பெரியப்பா ஐயாவு அப்படித்தான் வச்சிருந்தாரு, புயலடிச்சு கரண்டே இல்லாத நாள்ல." கனிமொழி அப்சரின் பக்கம் திரும்பினாள். "உங்க ரூமுல ஏசி இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு."

"அப்ப ஏதாவது மேச டிராயர்ல சும்மா போட்டு வச்சிருந்தாக்கூட இத்தன நாளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. முப்பது டிகிரிக்குள்ள இருந்தா ஒரு மாசம் தாங்கும்."

அது அவனுக்கும் தெரிந்ததுதான். டிராயரைத் திறக்கிற கைகளுக்குத்தான் பயந்தான், சூட்டுக்கு இல்லை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கூரைவிசிறியைப் பார்த்துக் கிடந்தான்.

கனிமொழி போனதும் ஷமீரா தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழிக்கப் பார்த்து, மனசு மாறி, கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். ஐஸ் பாக்கெட்டைச் சுற்றினாள். போதாதென்று தோன்றியது, கட்டில்மேல் கிடந்த அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து அதையும் சுற்றினாள்.

"எங்க கொண்டு போற?" என்றான் அப்சர்.

"வேற எங்க? எங்க வீட்டுக்குத்தான்."

"மாமிகிட்ட என்ன சொல்லுவ?"

"இன்சுலின், மாப்பிள்ளைக்கு, நடுத்தட்டுலன்னு சொல்லுவேன். பெட்டிமேல பெருசா எழுதி ஒட்டப்போறேன்."

"உறைஞ்சதச் சொல்லிடாத. மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க."

"மறுபடியுமா? இத மறைக்கணும், அத மறைக்கணும்னு இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லாதீங்க. யாருகிட்ட எத எப்பச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

அவன் கையை நகர்த்தப் பார்த்தான். ஊசி இழுத்தது, கையை மறுபடி படுக்கையில் போட்டான்.

"ஷமீரா, நீ இருப்பியா?"

அவள் மூட்டையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் எடை பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். வெளியே ஜாஹித் ஹாரன் அடித்தான்.

"இத வச்சுட்டு, உங்களுக்கு உப்புக் கஞ்சி எடுத்துட்டு வருவேன். அது வரைக்கும்தான் இப்ப எனக்குத் தெரியும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உங்களுக்கு எந்திரிச்சு உக்காரத் தெம்பு வரட்டும். படுத்துக் கெடக்கற ஆளுகூட நான் சண்ட போட மாட்டேன்."